கைக்குழந்தைக்கு வரவேண்டிய பதில்

 

வேலையின் பொருட்டுப் பிரிந்திருக்கும் பெற்றோர் தம் கைக்குழந்தையோடு தொலைவிலிருந்து உறவாடுவதற்குத் தொழில்நுட்பத்தை எப்படி அமைப்பது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இதைப் பற்றி வெளிநாடுகளில் எழுதப்படுவனவற்றில் பெரும்பாலும் ஓர் அலுவலகத் தாயே வருகிறாள். காலையில் குழந்தையைக் காப்பகத்தில் விடுகிறாள், மாலையில் தூக்கிக்கொள்கிறாள், இடைப்பட்ட எட்டு மணி நேரம் அவளுடைய பிரச்சினை. இலங்கையின் கிழக்கிலுள்ள ஏறாவூரில் நின்று பேசும்போது வேறொரு தாயைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அவள் ரியாத்திலோ குவைத்திலோ யாரோ ஒருவருடைய வீட்டில் வேலை செய்கிறாள். இரண்டு வருட ஒப்பந்தம். பிள்ளை இங்கே உம்மம்மாவின் மடியில். அந்தத் தாய்க்குப் பொருந்துகிற கருவி அலுவலகத் தாய்க்கும் பொருந்தும். அலுவலகத் தாய்க்கென்று செய்தது இவளுக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை.

இந்த ஊருக்குக் கைத்தறி புதிதல்ல. தறி வீட்டில் இருந்த காலத்தில் வேலையும் ஏணையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. பிறகு வளைகுடாவின் எண்ணெய்ப் பணம் நம் நாட்டு உழைப்பாளிகளை அழைத்தது. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் வெளிநாட்டு வேலைக்குப் போனோரில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பெண்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டுப் பணிப்பெண்கள். யுத்தம் வயலையும் வாவியையும் கடையையும் ஒருசேர முடக்கியிருந்த கிழக்கில், ஆணுக்கு வழி அடைபட்ட வீடுகளில் பெண் புறப்பட்டாள். போன இடத்தில் அவளுக்குக் கிடைத்த வேலையில் ஒரு பெரும்பகுதி பிறர் பிள்ளையைப் பார்ப்பது.

மூதூரிலிருந்து போன ரிசானா நபீக்கை நாம் மறக்கவில்லை. 2005இல் சவூதி சென்ற சில வாரங்களில் அவருடைய பொறுப்பில் இருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. கடவுச்சீட்டில் வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது. உண்மையில் அவருக்கு அப்போது பதினேழு. 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதே வருடம் நம் அரசு குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஒன்றைக் கட்டாயமாக்கி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் வீட்டு வேலைக்கு வெளிநாடு போவதைத் தடுத்தது. பொருளாதாரம் சரிந்த 2022இல் அந்த விதி தளர்த்தப்பட்டது. இந்த ஒன்பது வருடத்தில் அந்த அறிக்கை எந்தத் தகப்பனிடமும் கேட்கப்படவில்லை. கைக்குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பு அரசின் கண்ணில் ஒரு தடைக்குரிய காரணமாக மட்டுமே பட்டது. போயே விட்ட தாய், பிள்ளையோடு எந்த நேரத்தில், எந்தக் கருவியில், யாருடைய அனுமதியோடு கதைப்பாள் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைத்தான் நான் இங்கே கேட்க வந்திருக்கிறேன்.

விடையைக் குழந்தையிடமிருந்து தொடங்கலாம். பிறந்த பிள்ளைக்குத் தெளிவாகத் தெரிவது இருபது, முப்பது சென்ரிமீற்றர் தூரம்தான். பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரம் அது. காதோ கருவிலேயே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாளுக்குள் இருந்த குழந்தைகளுக்கு ஒரு சூப்பியைக் கொடுத்தார்கள். உறிஞ்சல்களுக்கு நடுவே விடும் இடைவெளியைப் பொறுத்துத் தாயின் குரலோ வேறொரு பெண்ணின் குரலோ கேட்கும். குழந்தைகள் தாயின் குரல் வருமாறு தம் உறிஞ்சலை மாற்றிக்கொண்டன. ஆகவே முதல் மாதங்களில் திரை பெரிதல்ல, குரலே பெரிது. டோகாவில் இருக்கும் வாப்பாவுக்கும் இது செய்தி: பிள்ளை பிறக்கும் முன்பே மனைவியோடு நிறையக் கதையுங்கள், போன் ஸ்பீக்கரில் இருக்கட்டும்.

அடுத்த சோதனைதான் என் பேச்சின் நடுத்தூண். லின் மரேயும் கொல்வின் ட்ரெவார்தெனும் 1985இல் வெளியிட்டது. தாய் ஓர் அறையில், ஆறு முதல் பன்னிரண்டு வாரக் குழந்தை இன்னோர் அறையில். இருவரும் தொலைக்காட்சித் திரை வழியாக ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். தாய் சிரிக்கக் குழந்தை சிரிக்கிறது, குழந்தை ஊங்காரமிடத் தாய் பதில் சொல்கிறாள். பிறகு ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். சற்று முன் அதே தாய் அதே அன்போடு கதைத்த பதிவை எடுத்துக் குழந்தைக்கு ஓட்டினார்கள். முகம் அதே முகம், குரல் அதே குரல். குழந்தை பார்வையை விலக்கியது, முகம் சுளித்தது, கலங்கியது. மாறியது ஒன்றுதான்: திரையில் இருந்த தாய் இப்போது தனக்குப் பதில் சொல்லவில்லை. இவ்வளவு சின்னக் குழந்தைகளிடம் பின்னர் நடந்த சோதனைகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் வயது கூடக் கூட இந்த உண்மை உறுதிப்படுகிறது. பட்ரீசியா கூல் 2003இல் காட்டியது இது: ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் நேரில் வந்து விளையாடிய ஆளிடமிருந்து சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன, அதே ஆளின் வீடியோவிலிருந்து எதையும் கற்கவில்லை. 2014இல் ரோஸ்பெரியும் குழுவினரும் இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளிடம் ஸ்கைப் அழைப்பைச் சோதித்தார்கள். அழைப்பில் வந்த ஆளிடம் பிள்ளைகள் புதுச் சொற்களைக் கற்றன. பதிவு செய்த படத்தில் கற்கவில்லை. இரண்டும் ஒரே திரைதான். ஒன்றில் பதில் இருந்தது, மற்றதில் இல்லை.

எனவே நாம் தொலைவுக்குக் கடத்த வேண்டிய பொருள் படமுமல்ல, ஒலியுமல்ல. குழந்தை ஒன்று செய்ய, அதற்கு ஏற்றபடி, அந்த நொடியிலேயே மறுபக்கத்திலிருந்து ஒன்று வர வேண்டும். எந்தக் கருவியையும் இந்த ஒரே உரைகல்லில் உரைத்துப் பாருங்கள்.

சந்தையில் உள்ளவற்றை அப்படி உரைத்தால் பெரும்பாலானவை தேறுவதில்லை. குழந்தைக்கான முதல் மின்கருவிகளில் ஒன்றாகிய ‘ரேடியோ நர்ஸ்’ என்பதை 1937இல் அமெரிக்காவின் ஸெனித் நிறுவனம் செய்தது. விமானி லின்ட்பெர்க்கின் குழந்தை கடத்தப்பட்ட பயம் நாட்டில் ஆறாத காலம் அது. சிற்பி இசாமு நொகுச்சி அதற்கு அழகிய உருவம் கொடுத்தார். அது குழந்தையின் அறையில் எழும் சத்தத்தைப் பெற்றோரின் அறைக்குக் கொண்டு வந்தது; குழந்தைக்கு எதையும் கொண்டு போகவில்லை. கமெராவும் இதயத் துடிப்புக் காலுறையும் வந்துவிட்ட இன்றும் இந்தத் தொழில் பெரும்பாலும் அந்த ஒருவழிப் பாதையிலேயே நிற்கிறது. பெற்றோரின் பயத்துக்கு விற்கிறார்கள். அந்தப் பயத்துக்கு வேறு விலையும் உண்டு: ட்ரெண்ட்நெட் என்ற நிறுவனத்தின் கமெராக்களில் கிட்டத்தட்ட 700இன் நேரடிக் காட்சிகள் 2012இல் இணையத்தில் எவரும் பார்க்கும்படி கசிந்தன, தொட்டிலில் தூங்கிய குழந்தைகளும் அவற்றில் இருந்தன. மறுவருடம் அமெரிக்க வணிக ஆணையம் அந்த நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொலைவிலிருந்து பிள்ளையை அணைக்கும் உடுப்பு ஒன்றையும் செய்து பார்த்தார்கள். பெற்றோர் ஒரு பொம்மையை அழுத்த, பிள்ளையின் சட்டை காற்றால் இறுகும். எண்ணம் நல்லது. ஆனால் அணைப்புக்கு நம்மிடம் அதைவிடச் சிறந்த ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் மக்கள் யாரும் வடிவமைத்துக் கொடுக்கும்வரை காத்திருக்கவில்லை. 1980களிலும் 90களிலும் கசெட் போனது, வந்தது. ஊருக்கு வருகிறவரின் பெட்டியில் புடவைக்கும் பால்மாவுக்கும் நடுவே அந்தக் கசெட் இருக்கும். உம்மா அழுது அழுது பேசிய குரலை வீடே சுற்றியிருந்து கேட்கும். கடிதம் வாசிக்கத் தெரியாத வீடுகளுக்கு அது பெரிய கொடை. ஆனால் கைக்குழந்தைக்கு அது பதிவு மட்டும்தான். அதற்குப் பிறகு கார்ட் போட்டுப் பேசும் காலம், பிறகு ஸ்கைப், இப்போது இமோவும் வட்ஸ்அப்பும். மெதுவான இணைப்பிலும் ஓடியதால்தான் இமோ இந்த ஊர் மூத்தம்மாமாரின் கையில் குடிபுகுந்தது. வளைகுடா அரசுகள் சில இணைய அழைப்புகளை நெடுங்காலம் அடைத்து வைத்திருந்தன. சவூதி 2017 செப்டெம்பரில்தான் திறந்துவிட்டது. அமீரகத்தில் வட்ஸ்அப் அழைப்பு அடைபட்டே இருந்ததால் நம்மவர்கள் பொட்டிம் என்ற செயலியைத் தேடினார்கள். ஒரு குழந்தை தன் உம்மாவின் முகத்தைப் பார்ப்பது தொலைபேசிக் கம்பனிகளின் வருமானக் கணக்கில் தங்கியிருந்தது என்பது சிறிய விஷயமல்ல.

அழைப்பு இலவசமாகிவிட்டதால் சிக்கல் தீர்ந்துவிட்டதா? கடிகாரத்தைப் பாருங்கள். சவூதியும் குவைத்தும் கட்டாரும் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே வீட்டு வேலை முடிந்து, பாத்திரம் கழுவி, எசமானி தூங்கப் போய், நம் பெண் தன் அறைக்குள் வரும்போது இரவு பதினொன்று. ஏறாவூரில் அப்போது ஒன்றரை. பிள்ளை நல்ல தூக்கம். எழுப்பினால் அழும், எழுப்பாவிட்டால் பிள்ளை தூங்கும் முகத்தைத் தாய் திரையில் பார்த்துவிட்டுப் படுப்பாள். குழந்தை மிகத் தெளிவாக விழித்திருப்பது காலை ஏழு மணியளவில். ரியாத்தில் அது நாலரை. சுபஹுத் தொழுகைக்கு எழும்பும் நேரத்தோடு அது ஏறத்தாழ ஒட்டி வருகிறது. அந்த அரை மணி நேரம் பொன்னானது. நோன்பு மாதத்தில் அந்த வாசலும் அடைபடுகிறது, ஏனென்றால் சஹர் வரைக்கும் அவளுக்கு அடுப்படியில் வேலை. எந்தச் செயலியும் இந்த இரண்டு கடிகாரங்களையும் குழந்தையின் தூக்கத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, ‘இன்றைக்குப் பிள்ளை விழித்திருக்கும் நேரம் இது’ என்று அவளுக்குச் சொல்வதில்லை. சொல்ல வைப்பது கடினமான கணினி வேலை அல்ல. மூன்று நாள் தூக்கக் கணக்கை உம்மம்மா ஒரு பொத்தானைத் தட்டிப் பதிந்தால் போதும்.

இப்போது அந்த உம்மம்மாவிடம் வருகிறேன். கிழக்குக் கரையில் தமிழர்களும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறை உடையவர்கள். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். அக்கரைப்பற்றில் இருந்து ஆராய்ந்த டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட பெருநூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அதன் பயன், உம்மா விமானம் ஏறினாலும் பிள்ளை தாய்வீட்டிலேயே இருக்கிறது. அதே வளவில் உம்மம்மா, பக்கத்து வேலிக்குள் சாச்சி, ராத்தா. தகப்பன் வீட்டுப் பக்கம் பிள்ளையை அனுப்ப வேண்டிய ஊர்களில் தாய்மார் படும் பாடு இங்கே குறைவு. எலிசபெத் மக்ளூரும் ரேச்சல் பாரும் அமெரிக்காவில் தாத்தா பாட்டியோடு வீடியோ அழைப்பில் பேசும் குழந்தைகளை ஆராய்ந்தபோது, பக்கத்தில் இருக்கும் பெரியவரின் பங்கைத்தான் முக்கியமாகக் கண்டார்கள். திரையில் இருப்பவர் எங்கே பார்க்கிறார், எதைச் சுட்டுகிறார் என்பதைக் குழந்தைக்குப் புரிய வைப்பவர் மடியில் வைத்திருப்பவர்தான். உம்மா அங்கிருந்து “என்ர மகனுக்கு ஒரு முத்தம்” என்கிறாள். உம்மம்மா இங்கே அந்தக் கன்னத்தில் முத்தம் இடுகிறாள். நான் சொல்வதாகச் சொன்ன அணைப்பு இதுதான். காற்றடைத்த சட்டை இதற்கு ஈடாகாது.

ஆகவே இந்தக் கருவியைப் பயன்படுத்தப் போகிறவர் குழந்தையும் அல்ல, தாயும் அல்ல. முதலில் உம்மம்மா. ஐம்பது, அறுபது வயது, கண்ணாடி, ஒரு கையில் நெளியும் பிள்ளை, மறு கையில் போன். பிள்ளை பளபளப்பான திரையைப் பிடிக்கக் கை நீட்டுகிறது, சிவப்புப் பொத்தானில் விரல் படுகிறது, அழைப்பு அறுகிறது. மறுபடி எடுப்பதற்குள் அங்கே எசமானி கூப்பிட்டுவிட்டாள். இப்படி எத்தனை அழைப்புகள் போகின்றன! அந்தப் பொத்தான் குழந்தையின் தொடுகைக்கு இசையாமல், நீண்ட அழுத்தலுக்கு மட்டும் இசைந்தால் போதும். போனை நிறுத்தி வைக்க, குழந்தை உட்காரும் உயரத்தில் ஒரு தாங்கி வேண்டும். பலகையிலும் துணியிலும் இந்த ஊர் தச்சரே செய்வார். தாயின் முகம் திரையின் அடியில் தோன்றக் கூடாது. கமெராவை ஒட்டி மேலே தோன்ற வேண்டும், அப்போதுதான் குழந்தையின் கண்ணும் தாயின் கண்ணும் ஓரளவாவது சந்திக்கும். இணைப்புத் தளரும்போது முதலில் படம் நிற்கட்டும், குரல் நிற்கக் கூடாது. குரலுக்கு வேண்டிய டேட்டா படத்துக்கு வேண்டியதில் சிறு பங்குதான். உறைந்த முகத்தைத் திரையில் வைத்திருப்பதைவிட முகத்தை எடுத்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. பதில் சொல்லாத முகத்தைக் கண்டு குழந்தை கலங்கியதை மரேயின் சோதனை நமக்குக் காட்டியிருக்கிறது. அதே காரணத்தால், உம்மா இல்லாத நேரத்தில் அவளுடைய பதிவை ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாறி மாறி ஓட்டிக் காட்டும் பழக்கத்தையும் நான் ஊக்குவிக்க மாட்டேன். பதிவு எதிர்த் திசையில் போகட்டும். பிள்ளை குப்புற விழுந்ததை, முதல் பல் தெரிந்ததை உம்மம்மா பதிந்து அனுப்பினால், அந்தத் தாய்க்கு இரவு பதினொரு மணிக்கு அது உணவு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் “பிள்ளைக்குப் போன் காட்டாதீங்க” என்கிறார். சரியான அறிவுரை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றது. ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016இல் பதினெட்டு மாதத்துக்குட்பட்டோருக்குத் திரையை விலக்கச் சொன்னபோது, வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. கார்ட்டூன் வேறு, உம்மா வேறு. நம் மிட்வைஃப்மார் இந்த வேறுபாட்டை வீடு வீடாகச் சொன்னால் பல உம்மம்மாமாரின் மனத்திலிருக்கும் பயம் நீங்கும்.

ஊரிலேயே வேலை பார்க்கும் தாய்மாருக்கும் ஒரு சொல். ஆஸ்பத்திரியில் இரவு முறை பார்க்கும் தாதி, தூரப் பிரதேசப் பாடசாலைக்குப் போகும் ஆசிரியை, தையல் தொழிற்சாலைப் பெண்கள் ஆகியோரின் தேவை வேறு. நம் மகப்பேற்று நன்மைகள் சட்டப்படி, குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளைகள் உண்டு. காப்பகம் இல்லாத இடத்தில் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். 84 நாள் லீவு முடிந்ததும் வேலைக்குத் திரும்பும் தாய்மாரில் இதைக் கேட்டுப் பெறுகிறவர்கள் குறைவு. பாலைப் பீச்சி வைக்கும்போது குழந்தையின் சத்தத்தைக் கேட்டால், முகத்தைப் பார்த்தால் பால் இறங்குவது எளிதாகிறது. உடலில் ஒக்சிற்றோசின் சுரப்பதே காரணம். அந்த இடைவேளையில் ஐந்து நிமிட அழைப்பு மருந்துக்குச் சமம். வாசலில் போனை வாங்கி வைத்துக்கொள்ளும் தொழிற்சாலைகள் பாலூட்டும் தாய்க்கு அந்த நேரத்தில் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

போனை வாங்கி வைத்துக்கொள்வது வளைகுடாவில் இன்னும் கொடியது. சில வீடுகளில் கடவுச்சீட்டோடு போனும் எசமானியின் அலுமாரிக்குள் போய்விடுகிறது. அங்கே எந்த வடிவமைப்பும் உதவாது. அதனால் என்னுடைய முதல் வேண்டுகோள் பொறியியலாளரிடம் அல்ல, ஒப்பந்தம் எழுதுகிறவர்களிடம். பணியகம் பதிவு செய்யும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், போன் தொழிலாளியின் கையிலேயே இருக்கும் என்றும், சிறுபிள்ளை உள்ள தாய்க்குப் பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் நாளுக்கு அரை மணி நேரம் தனியாகக் கதைக்க விடுவார்கள் என்றும் ஒரு வரி வேண்டும். ஏஜென்ட் சம்பளத்தைப் பேசும்போது இதையும் பேசட்டும். வீட்டிலிருந்து அனுப்புகிறவர்களும் கேட்கட்டும்.

மிர்கா மடியானுவும் டேனியல் மில்லரும் பிரித்தானியாவில் வேலை செய்த பிலிப்பைன்ஸ் தாய்மாரையும் ஊரிலிருந்த அவர்களின் பிள்ளைகளையும் ஆராய்ந்து 2012இல் எழுதினார்கள். போன் வந்தபின் தாங்கள் மீண்டும் தாயானதாகப் பல தாய்மார் உணர்ந்தார்கள். பிள்ளைகளோ அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. இந்த இடைவெளியை எந்த வடிவமைப்பாளரும் மறைத்துப் பேசக் கூடாது. அழைப்பு, தாய் அருகில் இருப்பதற்கு மாற்று ஆகாது. அது பிரிவின் சேதத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். பிள்ளைக்கு ஆறு மாதத்தில் போய் இரண்டரை வயதில் திரும்பும் தாயைக் கண்டு சாச்சியின் பின்னால் ஒளிகிற பிள்ளைகள் இந்த ஊரில் உண்டு. ஒவ்வொரு காலையும் பதில் சொன்ன முகம் விமான நிலையத்தில் வந்து நிற்கும்போது அந்த ஒளிதல் சில நாளில் முடிந்துவிடக் கூடும்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. செங்கலடியைத் தாண்டினால் வந்துவிடும். அங்கே கணினி படிக்கும் மாணவர்கள் இறுதி ஆண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறார்கள். மீராகேணியிலும் மிச்நகரிலும் இதற்குரிய வீடுகள் இருக்கின்றன. குடும்பத்தின் சம்மதத்தோடு, பிள்ளையின் படம் எந்த வெளிச் சேவையகத்துக்கும் போகாதபடி, சிறிதாகத் தொடங்கலாம். அளக்க வேண்டியது அழைப்பின் நிமிடங்களை அல்ல. ஓர் அழைப்பில் குழந்தை செய்த ஒன்றுக்குத் தாய் எத்தனை முறை பதில் சொன்னாள், தாயின் குரலுக்குக் குழந்தை எத்தனை முறை திரும்பியது என்று எண்ணுங்கள். அதற்கும் முன்பு, ஒரு வரி நிரல் எழுதுவதற்கு முன்பு, உம்மம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் போனுமாக அவரால் எவ்வளவு நேரம் இருக்க முடிகிறது என்று பாருங்கள்.